முறிஞ்சதும் முறிச்சதும்

தென் ஒன்ராறியோவின் மேற்கு ஓரத்தில் ஹூரன், புரூஸ், கிரே என்று மூன்று கவுண்டிகள், எங்கள் மாவட்டங்கள் மாதிரி, இருக்கின்றன. ஸ்காபரோவிலிருந்து காரில் மூன்று மணித்தியாலம். எங்கள் ஆட்கள் கோடையில் அங்கே போவார்கள். ஏரிக்கரை மணலில் விரிப்பைப் போட்டு, கோழி வாட்டிச் சாப்பிட்டு, சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். எனக்கு அந்தப் பக்கத்தைக் காட்டித்தந்தவர் அக்கா. அவருடன் நான் போனதெல்லாம் பனிக்காலத்தில்தான். போய் இறங்கியது ஒன்றில் ஹொஸ்பிற்றல், இல்லாவிட்டால் கோட்ஸ், அதாவது நீதிமன்றம்.

அக்கா என்று கூப்பிட்டாலும் எனக்குச் சொந்தமில்லை. அவர் தமிழ்-ஆங்கில மொழிபெயர்ப்பாளர். எங்கள் கட்டடத்தில் பதினோராம் மாடியில் தனியாக இருந்தார். அறுபது வயது இருக்கும். கார் ஓட்டத் தெரியாது. நான் வேலை செய்த கார்ப் பாகத் தொழிற்சாலை மூடப்பட்டு வீட்டில் இருந்த நேரம், தூர இடங்களுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் தேவை என்று லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டார். மொழிபெயர்ப்பு வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சி பெற்றோல் செலவைக் கொடுக்கும் என்றார். ஒரு கிழமைக்கு என்று தொடங்கியது மூன்று பனிக்காலமாக நீண்டது.

அந்தக் கவுண்டிகளை அவர் பாதைகளால் அறிந்து வைத்திருந்தார். ஹூரன் தட்டை நிலம். சோளம், அவரை, பால்மாடு. ஏரிக்கு அடியில் உப்புச் சுரங்கம் ஓடுகிறது. கரை உயரமான மண்மேடு, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் சரிந்துகொண்டிருக்கும். அதன் விளிம்பில் வீடுகள். புரூஸில் எந்த நேரமும் காற்று, வயல் முழுக்கக் காற்றாலைகள். அங்கே ஒரு அணுமின் நிலையமும் உண்டு. அதைச் சுற்றியிருக்கும் வீடுகளில் ஆபத்து வந்தால் விழுங்குவதற்கு ஒரு குளிசையை மேசை லாச்சிக்குள் வைத்திருப்பார்களாம். கிரே மேடும் பள்ளமும், அப்பிள் தோட்டங்களும். பனி பெய்தால் முதலில் மூடுவது அங்குள்ள பாதைகள்தான். மூடுவதென்றால் உண்மையாகவே ஒரு படலையை இழுத்துப் பாதைக்குக் குறுக்கே பூட்டிவிடுவார்கள்.

“ஏரி உறையிற வரைக்கும்தான் பயம் தம்பி,” என்றார் முதல் நாளே. “உறைஞ்சிட்டா அதால ஒண்டும் செய்யேலாது.”

உறையாத ஏரி மேல் காற்று வந்தால் பனி ஒரு சுவர்போல எழும்பிக் கரைக்கு வரும். முன்னால் போகும் காரின் சிவப்பு வெளிச்சம் ஒரு கணத்தில் இல்லாமல் போய்விடும். அந்தச் சுவரை நான் மூன்று தரம் கண்டிருக்கிறேன். இரண்டு தரம் தப்பி வந்துவிட்டோம்.

அந்தக் கவுண்டிகளில் எங்கள் ஆட்கள் சிறு பட்டினத்துக்கு ஒரு குடும்பம் என்று இருந்தார்கள். ஒரு பெற்றோல் நிலையம், ஒரு மூலைக்கடை, ஒரு பழைய மோட்டல். அடுத்த வீட்டு வெளிச்சம் ஒரு கிலோமீற்றருக்கு அங்கால் தெரியும். அவர்களுக்கு ஏதாவது நடந்தால்தான் அக்காவுக்கு அழைப்பு வரும். ஆகவே அவருக்குத் தெரிந்த அந்த ஊர்கள் நோயும் அடிபாடும் வழக்கும் நிறைந்தவை. கோடையில் அங்கே மனிதர்கள் சிரித்துக்கொண்டு திரிவார்கள் என்று நான் சொன்னபோது, “இருக்கும்,” என்றார்.

அக்காவிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. சொன்னதைச் சொல்வார். கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். காருக்குள் நான் ஊர்க்கதை சொன்னாலும் விடமாட்டார். இன்னார் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னால், கோபம் என்று அவரே சொன்னாரா, இல்லை நீர் நினைத்தீரா என்று கேட்பார். அதற்குப் பிறகு கதையில் ஒன்றும் மிஞ்சாது.

வேலையைத் தொடங்கும்போது எல்லோரிடமும் ஒரே வசனத்தைச் சொல்வார். “என்ர காதில விழுறது எல்லாத்தையும் நான் இங்கிலிஷில சொல்லிப்போடுவன். மற்றவைக்குத் தெரியக்கூடாத எதையும் எனக்குச் சொல்லாதேங்கோ.” பிறகு மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நேராக இருப்பார்.

ஒருமுறை கிரேயில், சிறுநீர் அடைத்துப்போன ஒரு கிழவர் வலியில் டொக்ரரைத் தாய் தகப்பன் வரை இழுத்து ஏசினார். அக்கா ஒரு சொல்லும் விடாமல், குரலையும் உயர்த்தாமல், டொக்ரரின் முகத்தைப் பார்த்து அத்தனையையும் ஆங்கிலத்தில் சொன்னார். டொக்ரர் முதலில் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் அக்கா குழாயடியில் வாயைக் கொப்பளித்தார். அன்றைக்கு நான் கார் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இன்னொரு முறை சிரிக்க முடியவில்லை. ஹூரனில் ஒரு கோட்ஸ். வெளியே குளிர் தாங்க முடியாமல் நான் உள்ளே போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். சொந்தத் தம்பியை மண்வெட்டியால் அடித்தவர் கூண்டில் நின்றார். மொழிபெயர்ப்பவர் மற்றவர் சொல்வதை “அவர் சொல்கிறார்” என்று சொல்லக்கூடாது, “நான்” என்றே சொல்லவேண்டும் என்பது விதி. எனக்கு அது தெரியாது. நீலக் கம்பளிச்சட்டை போட்ட அக்கா எழுந்து நின்று, அமைதியான குரலில், “அவன் இன்னும் சாகவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. வெளியே வந்தால் முடித்துவைப்பேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு கணம் அதை அவரே சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். திரும்பி வரும்போது வழமைபோல அவித்த முட்டையை உரித்து எனக்கும் ஒன்று தந்தார்.

அவர் ஏன் இப்படி என்று என் மனைவிதான் விசாரித்து வந்து சொன்னாள். வந்த புதிதில் அக்காவின் கணவருடைய அகதி விசாரணையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதராம். உதவி செய்வதாக நினைத்து, அவர் சொன்னதோடு இரண்டு வசனத்தைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். அது கணவர் முன்னமே எழுதிக் கொடுத்ததோடு ஒத்துவரவில்லை. பொய் சொல்கிறார் என்று முடிவாகி கணவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனவர் பிறகு ஒரு கடிதமும் போடவில்லை. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

மூன்றாம் தரம் அந்தப் பனிச்சுவரில் அகப்பட்டது ஒரு தை மாதத்தில். எந்தக் கவுண்டி என்று எழுதமாட்டேன், மூன்றில் ஒன்று.

சின்ன ஹொஸ்பிற்றல். அவசரப் பிரிவில் நான்கு கட்டில்கள், இடையில் துணித் திரை. நான் திரைக்கு வெளியே கதிரையில் அக்காவின் கோட்டை வைத்துக்கொண்டு இருந்தேன். உள்ளே இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை, வலது மணிக்கட்டு உடைந்து. பக்கத்தில் கணவர். ஏரிக்கரைக் கிராமமொன்றில் மோட்டல் நடத்துபவர். நாற்பது வயதிருக்கும். நல்ல துப்புரவான மனிதர், உள்ளே போகுமுன் என்னையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

எப்படி நடந்தது என்று டொக்ரர் கேட்டார். அக்கா தமிழில் கேட்டார். அந்தப் பிள்ளை, “கதவில முறிச்சது,” என்றது.

அக்கா ஆங்கிலத்தில், கதவில் கை புரோக்கன் ஆகிவிட்டது என்றார்.

கதவு காற்றில் அடித்ததா என்று டொக்ரர் கேட்டார். அதை அக்கா தமிழில் சொல்லி முடிக்குமுன் கணவர், ஓம், இங்கத்தைய காற்றுத் தெரியும்தானே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அக்கா அதையும் அந்தப் பிள்ளைக்குத் தமிழில் சொன்னார். “ஓம்,” என்றது பிள்ளை. “யெஸ்,” என்றார் அக்கா ஆங்கிலத்தில். டொக்ரர் எழுதிக்கொண்டார்.

திரைக்கு வெளியே இருந்த எனக்கு, பிள்ளை சொன்ன ‘முறிச்சது’ என்ற சொல் காதில் கிடந்து உறுத்தியது. ஆனால் அது அக்காவின் வேலை. அவர் பிழை விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் ஏரிப் பக்கமிருந்து வெள்ளைச் சுவர் வந்தது. படலையைப் பூட்டிவிட்டார்கள். பொலிஸ்காரர் ஒருவர் கண்ணாடியில் தட்டி, திரும்பிக் கரையோரக் கிராமத்துக்குப் போங்கள், அங்கே ஒரு மோட்டல் இருக்கிறது என்றார். அந்தப் பக்கத்தில் பனிக்காலத்தில் திறந்திருக்கிற மோட்டல் அது ஒன்றுதான்.

அது அந்தக் கணவரின் மோட்டல். அவர்கள் எங்களுக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள். மோட்டல்காரர் வாசலுக்கே வந்து அக்காவின் பையை வாங்கினார். இரண்டு அறைக்கும் சூடு போட்டுத் தந்தார். ஆறு மணிக்குச் சாப்பிட வரச் சொன்னார். புட்டு, மீன் குழம்பு, முட்டைப் பொரியல். ஏரி மீனாம், தானே பிடித்து உறைய வைத்ததாம். அந்தப் பிள்ளை கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இடது கையால் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தது. மோட்டல்காரர் எழும்பவில்லை.

“கை நோகுதோ பிள்ளை?” என்று கேட்டார் அக்கா.

“நோகேல்லையாம்,” என்றார் மோட்டல்காரர்.

“நான் அவவைக் கேட்டனான்.”

“இல்லை அன்ரி,” என்றது பிள்ளை.

மோட்டல்காரர் என் ஊரைக் கேட்டார், கட்டடத்தைக் கேட்டார், எத்தனை வருடமாக அக்காவுக்குக் கார் ஓட்டுகிறேன் என்று கேட்டார். குழம்பை என் தட்டில் தானே விட்டார். வெளியே காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, உங்களுக்கு நன்றி சொல்லவேணும். வேற ஆளெண்டா ஏதேனும் கூட்டிச் சொல்லியிருக்கும். நீங்கள் அளவாச் சொன்னீங்கள்.”

அக்கா கையில் எடுத்த புட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. பிள்ளை அடுக்களை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோபமாகப் பார்த்தது என்றோ கெஞ்சியது என்றோ சொன்னால் அக்கா ஒத்துக்கொள்ளமாட்டார். பார்த்தது, அவ்வளவுதான்.

காலையில் பாதை திறந்துவிட்டது. நாங்கள் வெளியே வரும்போது மோட்டல்காரர் எங்கள் காரின் பனியைத் தட்டித் துடைத்து வைத்திருந்தார். பிள்ளை வெளியே வரவில்லை. அக்கா அடுக்களைப் பக்கம் போய் ஏதோ கேட்டார். திரும்பி வந்து காரில் ஏறினார்.

வயல்களுக்கு நடுவே கொஞ்சத்தூரம் ஓடியிருப்போம். அக்கா காரை நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, நேற்று நீர் வெளியில இருந்தனீர். அந்தப் பிள்ளை முறிஞ்சது எண்டோ சொன்னது, முறிச்சது எண்டோ?”

“முறிச்சது எண்டுதான் எனக்குக் கேட்டது அக்கா.”

“முறிஞ்சதெண்டா தானா நடந்தது. முறிச்சதெண்டா ஒரு ஆள் செய்தது. இங்கிலிஷில ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிட்டன்.” அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். “அந்தப் பிள்ளை ஆளைச் சொன்னது. நான் ஆளை எடுத்துப்போட்டன்.”

நேற்றே நானாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குள் ஒன்று அரித்தது. அதை அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

ஹொஸ்பிற்றலுக்குத் திரும்பச் சொன்னார். பார்க்கிங்கில் பத்து நிமிடம் இறங்காமல் இருந்தார். வேலை முடிந்த பிறகு ஒரு நோயாளியைப் பற்றி வாய் திறப்பது விதிக்குப் பிழை, இது தெரிந்தால் இனி வேலை இல்லை என்றார். சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தாதி ஒருவரைக் கூப்பிட்டு, தான் மொழிபெயர்த்தது பிழை, அந்தப் பிள்ளை சொன்ன சொல்லுக்கு ஒருவர் முறித்தார் என்பதுதான் பொருள் என்று சொல்லி, அதை எழுத்திலும் எழுதிக் கொடுத்தார். யார் என்று பிள்ளை சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதினாராம்.

ஆறு கிழமைக்குப் பிறகு கட்டு வெட்டுவதற்காக மோட்டல்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். தாதி அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தனியறைக்குக் கூட்டிப்போய், தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசியிருக்கிறார். ஒரு மணித்தியாலம் கழித்து மோட்டல்காரர் கதவைத் திறந்து பார்த்தபோது அறை வெறுமையாம். பெண்களுக்கான காப்பகம் ஒன்றின் கார் பின்வாசலால் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இந்த விபரமெல்லாம் அவர் ஏஜென்சிக்கு எழுதிய நீண்ட முறைப்பாட்டில் இருந்தவை. அக்கா எழுதிக் கொடுத்ததையும் எப்படியோ அறிந்து, அவர் விதியை மீறியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதியிருந்தார்.

ஏஜென்சி அக்காவை விசாரித்தது. ஓம், சொன்னேன் என்றார். அதோடு வேலை போய்விட்டது. நான் ஆத்திரப்பட்டேன். அவர்கள் செய்தது சரி, தான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்றார் அக்கா.

பங்குனியில் ஒருநாள் காப்பகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். நான் குளிர்பெட்டியைத் திருத்திக் கொடுக்க அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பிள்ளை சுகமாக இருக்கிறது, உங்களோடு பேச விரும்புகிறது, இருக்கிற இடத்தைச் சொல்லட்டுமா என்று அந்தப் பெண் கேட்டது எனக்கும் கேட்டது. அக்காவுக்கு முகம் ஒருமுறை மலர்ந்தது. பிறகு, வேண்டாம் என்றார். எந்தப் பட்டினம் என்றுகூடச் சொல்லவேண்டாம் என்றார். வைத்துவிட்டு ஜன்னலடியில் போய் நின்றார்.

“ஆராவது கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது தம்பி,” என்றார்.

ஸ்காபரோவில் ஒரு தமிழரைத் தேடிப்பிடிக்க இரண்டு பேரிடம் கேட்டால் போதும். சித்திரையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மரக்கறிப் பைகளோடு லொபிக்குள் வந்தேன். வாங்கில் மோட்டல்காரர் இருந்தார். காலடியில் மீன் வைக்கும் வெள்ளைப் பெட்டி. என்னைக் கண்டதும் எழும்பி, சுகமா என்று கேட்டார். நான் லிஃப்டுக்குப் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அந்த நேரம் அக்கா பஸ்ஸால் இறங்கி வந்தார்.

“அக்கா, அவ எங்க?”

“எனக்குத் தெரியாது.”

“உங்களுக்குச் சொல்லியிருப்பினம்.”

“சொல்லப் பாத்தவை. நான் வேண்டாமெண்டிட்டன்.”

அதை ஏன் சொன்னார் என்று நினைத்தேன். மோட்டல்காரர் அக்காவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“சொல்லப் பாத்தது ஆர்?”

“அதைச் சொல்லமாட்டன்.”

“அப்ப பொய்யும் சொல்லமாட்டீங்கள், உண்மையும் சொல்லமாட்டீங்கள்.” மீன்பெட்டியை அக்காவின் காலடிக்குத் தள்ளி வைத்தார். “பரவாயில்லை. எனக்கு அவசரமில்லை. நான் இருக்கிறன்.”

அக்கா பெட்டியைத் தொடவில்லை. மோட்டல்காரர் இருட்டும் வரைக்கும் அந்த வாங்கில் இருந்தார். அடுத்த சனியும் வந்தார். அதற்கடுத்த சனியும். வருபவர்களுக்குக் கதவைப் பிடித்துவிடுவார், கிழவிகளின் பைகளைத் தூக்கிக் கொடுப்பார். பொலிஸ் வந்து பேசியது. அவர் யாரையும் மிரட்டவில்லை, ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை, நாங்கள் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டது. கட்டடத்துப் பொறுப்பாளர் வெளியே போகச் சொன்னால் வெளியே போய்ப் பார்க்கிங்கில் காருக்குள் இருப்பார். அக்கா சனிக்கிழமைகளில் வெளியே போவதை விட்டார். பிறகு மற்ற நாட்களிலும் விட்டார். நான்தான் பாலும் பாணும் வாங்கிக் கொடுத்தேன். அவர் கதவைத் திறக்குமுன் என் பெயரை இரண்டு தரம் கேட்பார்.

வைகாசியில் வீட்டைக் காலி செய்தார். சாமான் பெரிதாக இல்லை. ஒரு புதன்கிழமை விடிய நானும் என் மனைவியும் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தோம். யாரோ ஒருவரின் வான் வந்து நின்றது. எங்கே போகிறீர்கள் என்று கேட்க நான் வாயெடுத்தேன். அக்கா கையை உயர்த்தி மறித்தார்.

“கேளாதேயும் தம்பி. நீரும் நிம்மதியா இரும்.”

என் மனைவியைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறினார். வான் எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்கக்கூடாதென்று நான் உள்ளே வந்துவிட்டேன். அவரை அதற்குப் பிறகு காணவில்லை. இரண்டு வருடமாகிறது. அவருடைய பெயரை இதில் நான் எழுதவில்லை.

அக்கா போய் மூன்றாம் நாள், சனிக்கிழமை, மோட்டல்காரர் வந்து, அக்கா எங்கே என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. சொல்லும்போது ஒரு தென்பும் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு கிழமைக்குக் கிழமை வந்தது மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. இந்தப் பனிக்காலம் முழுவதும் வரவேயில்லை. முடிந்துவிட்டது என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம்.

போன சனிக்கிழமை வந்திருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஏரி இந்த முறை உறையவே இல்லை, பாதை ஒவ்வொரு கிழமையும் பூட்டு என்றார். பிறகு வெள்ளைப் பெட்டியை எடுத்து என் கையில் தந்தார். மறுக்க நினைக்குமுன் வாங்கிவிட்டேன். குளிரில் விரல் விறைத்தது.

“பொரிச்சாத்தான் ருசி அண்ணை,” என்றார். “மகளுக்கும் குடுங்கோ.”

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.